ஐஸ் கம்பெனியில் ஒரு ரூம்

ரகுநாத் பத்தொன்பது வருஷமாக ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. வீடு புதுக்கோட்டையில் என்று பெயர்தான். மாதத்தில் பாதி நாள் வெளியூர். தொண்டியிலும் தேவகோட்டையிலும் பட்டுக்கோட்டையிலும் ராமநாதபுரத்திலுமாக அவன் படுத்து எழுந்த லாட்ஜ் அறைகள் எத்தனையோ. எந்த அறையானாலும் இருட்டில் நுழைந்து விளக்கைப் போட்டுவிடுவான். கதவுக்கு இடதுபுறம், தோள் உயரம், மூன்றாவது ஸ்விட்ச். பாத்ரூமில் நீலப் பிளாஸ்டிக் வாளி இருக்கும், அதன் கைப்பிடி ஒரு பக்கம் கழன்றிருக்கும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். காலையில் கண் விழித்ததும் இது எந்த ஊர் என்று ஒரு நிமிஷம் யோசித்தால்தான் பிடிபடும்.

அவனைத்தான் கோட்டைப்பட்டினத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஜஸ்டின் ஒரு வெள்ளிக்கிழமை போனில் கூப்பிட்டான்.

"மாப்ள, எங்க ஊர்ல ஒரு ராத்திரி தங்கணும். சும்மாதான், ஓசி. வாரியா?"

"எங்க?"

"கடல ஒட்டி பழைய ஐஸ் கம்பெனி இருக்குல்ல, அத என் சித்தப்பா மக அன்புமொழி ஓட்டலாக்கியிருக்கா. ஆறே ரூம். வர்ற வியாழக்கிழமை தொறக்கப்போறா. அதுக்கு முன்னாடி ஒரு ஆளு தங்கிப் பாத்து நல்லது கெட்டது சொல்லணுமாம். சொந்தக்காரங்களக் கூப்பிட்டா நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க, எனக்குக் குத்தம் கண்டுபிடிக்கிற ஆளு வேணும்னு கேக்குறா. டக்குனு ஒன் ஞாபகம்தான் வந்துச்சு."

ரகுநாத் சிரித்துவிட்டான். அந்த ஐஸ் கம்பெனியை அவனுக்குத் தெரியும். எப்போதும் சகதியாகக் கிடக்கும் வாசல், தடதடவென்று ஓடும் மோட்டார், படகுகளுக்கு ஐஸ் ஏற்றிப்போக நிற்கும் வண்டிகள். ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த இடம். அதில் போய் யார் காசு கொடுத்துத் தங்குவார்கள் என்று நினைத்தான். ஆனாலும் சனிக்கிழமை காலை மணமேல்குடியில் இரண்டு டாக்டர்களைப் பார்த்துவிட்டு, மத்தியானம் பைக்கில் போய் இறங்கினான்.

வெளியே பார்த்தால் கட்டடம் அப்படியேதான் இருந்தது. சுவரில் பழைய நீல எழுத்துகள் பாதி உதிர்ந்து 'ஐஸ்' என்று மட்டும் மிச்சமிருந்தன. பெயின்ட் அடிக்கக்கூட முடியவில்லையா என்று எண்ணிக்கொண்டே கேட்டைத் தள்ளினான்.

கொண்டையில் பென்சில் செருகியிருந்த ஒரு பெண் எதிரே வந்தாள். முழங்கையில் சுண்ணாம்பு. முப்பத்து மூன்று வயது இருக்கும். அதுதான் அன்புமொழி. திருச்சியில் கட்டடக்கலை படித்து, சென்னையிலும் மஸ்கட்டிலும் ஒன்பது வருஷம் பெரிய பெரிய ஓட்டல்களுக்கு அறைகள் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்றைக் கட்ட ஊர் திரும்பியவள்.

"வாங்க சார். இந்தாங்க சாவி, மூணாம் நம்பர்" என்றாள். "நான் கூட வந்து எதையும் வெளக்க மாட்டேன். வெளக்கினாத்தான் புரியும்னா அது நான் பண்ணுன தப்பு."

அறைக் கதவைத் திறந்ததும் ரகுநாத் கவனித்தது குளிர்ச்சியை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே ஏ.சி. ஓடவில்லை, ஆனால் கோயில் பிராகாரம் மாதிரி இருந்தது. ஐஸ் உருகாமல் இருக்க நடுவில் உமி அடைத்துக் கட்டிய இரட்டைச் சுவர். அன்றைக்கு ஐஸைக் காத்தது இன்றைக்கு ஆளைக் காத்தது. தரையில் பழைய ஐஸ் தொட்டியின் மூடிப் பலகைகள், உப்பு ஏறிக் கறுத்து, காலுக்கு மெத்தென்று. கட்டிலுக்கு மேலே ஐஸ் வார்க்கும் தகர அச்சு ஒன்று தலைகீழாகத் தொங்கியது, உடம்பெல்லாம் சிறு சிறு துளைகளோடு.

பழக்கதோஷத்தில் கதவுக்கு இடதுபுறம் கையால் துழாவினான். ஸ்விட்ச் இல்லை. 'ஆகா, முதல் குத்தம்' என்று பாக்கெட் நோட்டை எடுத்தபடியே கட்டிலில் உட்கார்ந்தான். ஊன்றிய கை ஒரு பித்தளைக் குமிழில் பட்டது. மேலே விளக்கு எரிந்தது. தகர அச்சின் துளைகள் வழியாகச் சுவர் முழுக்க வெளிச்சப் புள்ளிகள் விழுந்தன. அணைத்தான். போட்டான். மறுபடி அணைத்தான், போட்டான். பத்தொன்பது வருஷமாக விளக்கணைக்கக் கட்டிலைவிட்டு எழுந்து நடந்த மனுஷன் அவன். எழுதியதை அடித்தான்.

கட்டிலை ஒட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், நீளமாக ஒரு மரப்பலகை ஜன்னல். வழக்கமாக ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர். இது என்ன கோணங்கித்தனம் என்று படுத்தபடியே பலகையைத் தள்ளினான்.

கடல். கரை தெரியவில்லை, மதில் தெரியவில்லை, தெரு தெரியவில்லை. தலையணை உயரத்திலிருந்து தண்ணீர் தொடங்கி வானம்வரைக்கும் போனது. பச்சை மூக்கு வைத்த நாட்டுப் படகு ஒன்று கட்டில் காலில் கட்டிப்போட்டதைப் போல அருகில் அசைந்தது.

ரகுநாத் எழுந்து உட்கார்ந்தான். மறுபடி படுத்தான். உட்கார்ந்தால் கரையும் வலைக் குவியலும் தெரிகின்றன. படுத்தால் கடல் மட்டும். யாரோ இங்கே படுத்துப் பார்த்துத்தான் இந்த உயரத்தை முடிவு செய்திருக்க வேண்டும். (கட்டில் வருவதற்கு முன்பு சிமென்ட் சாக்கை விரித்து, கையில் சாக்பீஸுடன் மூன்று நாள் படுத்துக் கிடந்ததாக அன்புமொழி பிறகு சொன்னாள்.) நான் வருவதற்கு முன்னாலேயே என்னைப் பற்றி ஒருத்தர் யோசித்திருக்கிறார் என்று தோன்றியதும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுத்து மனைவியை வீடியோவில் கூப்பிட்டான்.

பரிமளா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை லீவு, அவள் அடுப்படியில் இருந்தாள்.

"சாப்டீங்களா?"

"அது கெடக்கட்டும். இங்க பாரு." போனை விளக்குக்கும் சுவருக்கும் தரைக்கும் காட்டி, கடைசியில் ஜன்னலுக்குக் கொண்டுபோனான்.

"எந்த ஊருங்க இது? கேரளாவா?"

"கோட்டைப்பட்டினம்!"

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா. ஐஸ் கம்பெனி. நான் படுத்துருக்கேன் பாரு, கடலு என் காதுகிட்ட இருக்கு." மூச்சு விடாமல் பேசினான். பேசிக்கொண்டே வந்தவன் சட்டென்று, "பரிமளா, நீ கெளம்பி வா" என்றான்.

கல்யாணமான புதிதில், நானும் உங்களோடு ஒரு தடவை வருகிறேனே என்று அவள் கேட்டதுண்டு. நீ தங்குகிற மாதிரி இடமா அதெல்லாம் என்று அவன் மறுத்துவிடுவான். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

"இட்லிக்கு அரிசி ஊறப் போட்டுருக்கேங்க."

"ஊறட்டும்."

"நாளைக்குத் துணி தொவைக்கணும்."

"தொவைக்கலாம்."

"சரி, பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் பரிமளா. அதற்குள் அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

மனைவியும் வரலாமா என்று தயங்கித் தயங்கி அன்புமொழியிடம் போய்க் கேட்டான். "ரெண்டு பேரா? அப்பத்தான் சார் சரியான டெஸ்ட்டு!" என்றாள் அவள்.

பஸ் வரும்வரை ரகுநாத் வேலையை ஒழுங்காகச் செய்தான். பாத்ரூமில் பாதிக்கு மேல் கூரை கிடையாது. மேலே வாதாமரத்தின் கிளை. வானத்தைப் பார்த்துக்கொண்டு ஷவரில் நின்றபோது அவனை அறியாமல் வாய் பாட ஆரம்பித்தது. குளித்து முடித்து ஈரத் துண்டோடு வெளியே வந்தான். அதைப் போட இடம் தேடினான். ஒரு கொக்கி இல்லை, கொடி இல்லை. நோட்டை எடுத்தான். முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னலுக்கு எதிரே இருந்ததால் முகம் இருட்டாகத் தெரிந்தது. எழுதினான். மேஜைக்குப் பக்கத்தில் போன் சார்ஜ் போட வழியில்லை. எழுதினான். வாளி இல்லை, அதை எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தான்.

ஐந்து மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் பரிமளா இறங்கினாள். அக்கா மகள் கல்யாணத்துக்குக் கட்டிய மாம்பழ நிறப் பட்டு.

"என்ன இது, பட்டுல வந்துருக்க?"

"ஓட்டலுக்குப் போறப்ப எதக் கட்டணும்னு எனக்கென்ன தெரியும்?" என்று பைக்கில் ஏறிக்கொண்டாள்.

மூன்றாம் நம்பர் அறைக்கு அவளைக் கூட்டிவந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பலகைத் தரையில் வெறுங்காலோடு இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் சொந்தப் படுக்கை விரிப்பு இல்லாமல் படுக்காதவள். இன்றைக்கும் பையில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அது பையிலேயே கிடந்தது. அப்படியே பட்டுப் புடவையோடு சாய்ந்து ஜன்னலைத் தள்ளினாள்.

"ஏங்க!"

அவள் போட்ட சத்தத்தில் முற்றத்திலிருந்த அன்புமொழி, எதுவோ உடைந்து விழுந்துவிட்டதென்று ஓடிவந்தாள். வாசலில் நின்று, படுத்துக்கொண்டே சிரிக்கும் பரிமளாவைப் பார்த்தவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அக்கா, அந்தச் சத்தத்துக்குத்தான் நான் ஒன்றர வருஷம் வேல பாத்தேன்" என்றாள்.

பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். முன்பு உப்புத் தண்ணீர் நிறைத்து ஐஸ் உறைய வைத்த பெரிய தொட்டி அது. இப்போது சுற்றிலும் படிகளோடு, கடற்காற்று இறங்கித் தங்கும் பள்ளமாக இருந்தது. சமையல் செய்யும் ஜெய்னம்பு அக்கா இடியாப்பமும் இறால் தொக்கும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்ட கையோடு அன்புமொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப குத்தத்தச் சொல்லுங்க சார்."

ரகுநாத் நோட்டைப் பிரித்தான். இருபத்து மூன்று. கண்ணாடியைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டு எழுதிக்கொண்டாள். சார்ஜரைச் சொன்னபோதும் ஒப்புக்கொண்டாள். துண்டுக்குக் கொக்கி என்றதும் முகம் சிவந்துவிட்டது.

"அந்தச் சுவத்துல ஆணி அடிக்கிறதா? கடுக்காய், வெல்லம் எல்லாம் போட்டு நாலு மாசம் பூசுன சுண்ணாம்பு சார் அது! அதுல போயி ஈரத் துண்டத் தொங்கவிட்டா பாக்க எப்புடி இருக்கும்?"

"தொங்காத துண்டு கட்டில்ல கெடக்கும்மா. அது எப்புடி இருக்கும்?" ரகுநாத்தும் விடவில்லை. "வர்றவங்க கடல்ல எறங்கிட்டுத்தான் வருவாங்க. அப்புறம், கால்ல மண்ணு, துணியில மண்ணு. ஒரு வாளி இல்ல. ஷவர் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஆளுக வாளியில மொண்டு ஊத்தாட்டி குளிச்ச மாதிரியே நெனக்க மாட்டாக."

"வாளி மட்டும் கேக்காதீங்க. அந்தக் கல்லுத் தரையில ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளிய வச்சா என் ஒழப்பே போச்சு."

இரண்டு பேரும் குரலை உயர்த்திவிட்டார்கள். பரிமளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை அடுப்படிப் பக்கம் போனது. ஜெய்னம்பு அக்கா குழாயடியில் எதிலோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கையில என்ன அது?"

"இதும்மா? பழைய ஐஸ் அச்சுதான். சின்னது. மீனு அலச வசதியா இருக்குன்னு கைப்பிடியா ஒரு கம்பிய வளச்சு மாட்டி வச்சிருக்கேன்."

அன்புமொழி எழுந்துவிட்டாள். "அக்கா! இந்த மாதிரி இன்னும் எத்தன கெடக்கு?"

"பின்னாடி ஷெட்டுல நெறையக் கெடக்கே."

மூன்று பேரும் ஷெட்டுக்கு ஓடினார்கள். பரிமளா பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். தகரத்துக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு சின்ன அச்சுகள், வெள்ளியைப் போலச் சாம்பல் பூத்து, ஒவ்வொன்றும் ஒரு வாளித் தண்ணீர் பிடிக்கும் அளவு. அவற்றை இழுத்தபோது பின்னாலிருந்து இரும்பாக ஏதோ சரிந்து விழுந்தது. அன்புமொழி குனிந்து எடுத்தாள். ஐஸ் கட்டிகளைப் படகுக்கு இழுத்துப் போகும் கொக்கிகள். வளைந்த முனை, மேலே மரப்பிடி.

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சுவரத் தொடவே வேணாம்" என்றாள் மெதுவாக. உடனே குரல் ஏறியது. "உத்தரத்துலேருந்து கயிறு! கயித்துல இந்தக் கொக்கி! சார், துண்டு தொங்குனாக்கூட அழகாத்தான் இருக்கும் சார்!"

அப்போதே ஏணி போட்டு மூன்றாம் நம்பர் அறையில் ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் அவள் அடங்கினாள். ரகுநாத் ஏணியைப் பிடித்துக்கொண்டான். பரிமளா ஈரத் துண்டை மாட்டினாள். மூன்று பேரும் அதை நின்று பார்த்த விதத்தைப் பார்த்து ஜெய்னம்பு அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாக வெளிச்சம் தலையணையில் கோடு போட்டபோது பரிமளாதான் முதலில் விழித்தாள். பலகையைத் தள்ளினாள். சூரியன் கடலிலிருந்து பாதி எழுந்திருந்தது. அவள் கணவனை எழுப்பவில்லை. கொஞ்ச நேரம் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முழுதாக வெளியே வந்ததும் தோளைத் தட்டினாள். அவன் கண் விழித்தான். இது எந்த ஊர் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது மணிக்கு முற்றத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அன்புமொழியின் போன் அடித்தது. புது நம்பர். ஸ்பீக்கரில் போட்டாள். ஈரோட்டிலிருந்து ஒரு டாக்டரம்மா. ஓட்டலின் படங்களைப் பார்த்தாராம், குடும்பத்தோடு வர நினைக்கிறாராம். இதுவரை வந்த முதல் அழைப்பு அதுதான்.

"ரூமெல்லாம் அழகா இருக்கு. ஆனா அங்க பாக்க என்ன இருக்கு? ஸ்விம்மிங் பூல் உண்டா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வந்து மேடம்... சுவர் பூராம் சுண்ணாம்புப் பூச்சு... நடுவுல உமி அடச்ச... வெப்பம் உள்ள வராது..." அன்புமொழி திணறினாள்.

பரிமளா காபி டம்ளரை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அன்புமொழி போனைக் கொடுத்துவிட்டாள்.

"வணக்கம்ங்க. நான் நேத்து இங்க வந்து தங்குன ஆளு. ஸ்விம்மிங் பூல்லாம் இல்லீங்க. எதுக்குங்க அது? வாசல்லயே கடலு. குளம் மாதிரி அலையே இல்ல, ரொம்ப தூரம் நடந்தாலும் முட்டியத் தாண்டாது, பிள்ளைகள தைரியமா விடலாம். காலையில சூரியன் வர்றத நான் கட்டில்ல படுத்துக்கிட்டே பாத்தேன். பல்லுகூட வெளக்கல. ரூம்ல எதத் தொட்டாலும் அது இந்த ஊரு சாமான். நீங்க வேற எங்க போனாலும் இந்த வெளக்கப் பாக்க முடியாது. நான் இதே ஜில்லாதாங்க, புதுக்கோட்டை. கோட்டைப்பட்டினத்துல ஒரு ராத்திரி தங்கணும்னு நேத்து வரைக்கும் எனக்குத் தோணுனதே இல்ல. இப்பப் போகணும்னு மனசே வரல."

டாக்டரம்மா சிரிப்பது கேட்டது. "சுத்திப் பாக்க?"

"ஆவுடையார்கோயில் இருக்கே! கூரையில கல்லக் கல்லுன்னு சொல்ல முடியாது. மரச் சட்டம் மாதிரி, கயிறு மாதிரி, ஆணி மாதிரி செதுக்கி வச்சிருக்காங்க. சாமிக்குச் சோத்தச் சுடச்சுடக் கல்லுமேல கொட்டி, அந்த ஆவியத்தான் படைப்பாங்க. அது ஒண்ணுக்கே ஒரு நாளு வேணும்ங்க."

"நான் ஒரு நாள்னுதான் நெனச்சிருந்தேன்" என்றார் டாக்டரம்மா. "அடுத்த வாரம் ரெண்டு நாளாப் போட்டுருங்க. ரெண்டு ரூம்."

போன் வைத்ததும் அன்புமொழி தொட்டியின் படிகளில் ஏறி இறங்கி, பரிமளாவைக் கட்டிப்பிடித்து, ஜெய்னம்பு அக்காவையும் இழுத்துச் சுற்றினாள். அக்காவின் கையில் கரண்டி இருந்தது. யார்மேல் என்ன சிந்தியது என்று யாரும் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கே கிளம்புவதாக இருந்தவர்கள் பத்தரைக்குத்தான் பைக் எடுத்தார்கள். திங்கட்கிழமை ஆசாரி வந்து கண்ணாடியை இடம் மாற்றிவிடுவான் என்று அன்புமொழி கேட்வரை வந்து சொன்னாள். தேவகோட்டைப் பக்கம் தன் சிநேகிதி ஒருத்தி பழைய தியேட்டர் ஒன்றை இதே மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறாள், அங்கேயும் இருவரும் போய்க் குற்றம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். "ரெண்டு பேருமாப் போகணும்" என்று அழுத்திச் சொன்னாள்.

மெயின் ரோட்டுக்கு வந்து, வழக்கம்போல வடக்கே மணமேல்குடி பக்கம் ரகுநாத் திரும்பப் போனபோது பரிமளா அவன் தோளைப் பிடித்தாள்.

"இங்கிட்டு வேணாம். மீமிசல் வழியா விடுங்க, ஆவுடையார்கோயில் போவோம்."

"இப்பவா? வெயில் ஏறிருச்சே."

"அந்த டாக்டரம்மாகிட்ட அவ்வளவு சொன்னேன்ல. நான் போயே இருபது வருஷமாச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போனேன். தலை எண்ணுறதுலயே நேரம் போச்சு, எங்க பாத்தேன்?"

நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டுமென்று ரகுநாத் விரட்டினான். பதினொன்றேகாலுக்குச் சேர்ந்தார்கள். கல் கூரைக்கு அடியில், அண்ணாந்த கழுத்தோடு இருவரும் நின்றார்கள். கயிறு முறுக்கின மாதிரியே இருந்த கல்லைப் பரிமளா விரலால் காட்டிக்கொண்டே நகர்ந்தாள். பட்டுப் புடவையில் நேற்றைய ஷெட்டுத் துரு ஒரு கீற்றாக ஒட்டியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அடுத்த வாரம் ஒங்களுக்குத் தேவகோட்டை டூட்டிதானே?" என்றாள், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா. வெள்ளிக்கிழம."

"வெள்ளிக்கிழம எனக்கு ரெண்டு பீரியடுதான். அமிர்தவல்லி டீச்சரப் பாத்துக்கச் சொல்லிட்டு நானும் வாரேன்."